பிரேக் போட்டால் கார் ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது?

நேராகப் போய்க்கொண்டிருக்கும் கார், பிரேக் பெடலை மிதித்ததும் இடப்பக்கம் ஒதுங்குகிறது. பலரும் உடனே இடது பிரேக்கில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அந்தச் சக்கரத்தைக் கழற்றிவிடுகிறார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காகவே இருக்கலாம். கார் இழுப்பது பழுதான பக்கத்துக்கு அல்ல, பிரேக் அதிகமாகப் பிடிக்கும் பக்கத்துக்கு. ஓடும் தள்ளுவண்டியின் இடது சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்தினால் வண்டி இடப்பக்கம்தானே திரும்பும்? அதேதான் இங்கேயும். இடது பிரேக் சரியாகப் பிடித்து, வலது பிரேக் அரைகுறையாகப் பிடித்தாலும் கார் இடப்பக்கம்தான் போகும். அப்போது பழுது இருப்பது வலப்பக்கம்.

இந்த இழுப்பு எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். இடது டயரில் 3,000 நியூட்டன், வலது டயரில் 2,000 நியூட்டன் நிறுத்தும் விசை. மிஞ்சி நிற்கும் 1,000 நியூட்டன், காரின் நடுக்கோட்டிலிருந்து 0.75 மீட்டர் தள்ளி வேலை செய்கிறது. அதாவது 750 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் சுமார் 76 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்குமோ அவ்வளவு. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால், காரை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. அதனால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் முன்பக்கத்தைத்தான்.

பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதும் கார் இழுக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இழுத்தால் டயர் காற்று, வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்), சாலையின் சரிவு ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜாமாகி எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும் பிரேக்கும் இப்படி இழுக்கும்.

மிதித்தால் மட்டுமே இழுக்கிறது என்றால், எந்த நொடியில் இழுக்கிறது என்பதைக் கவனியுங்கள். கழற்றாமலேயே கிடைக்கும் துப்புகளில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது. ஆள் நடமாட்டமில்லாத, சமமான நேர்ச்சாலையில், குறைந்த வேகத்தில், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் சோதித்துப் பாருங்கள். மிதித்தவுடன் ஒரு பக்கம் இழுத்து, காலை எடுத்ததும் சிறிது நேரம் எதிர்ப்பக்கம் இழுத்தால் பிரேக் ஹோஸ் மீது சந்தேகம் வர வேண்டும். இந்த ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும், பழசானால் உள்சுவர் வீங்கி வழியை அடைத்துக்கொள்ளும். பிரேக் ஆயிலின் அழுத்தம் அந்தச் சக்கரத்துக்குத் தாமதமாகப் போகிறது, திரும்பி வரும்போதும் தாமதமாகவே வருகிறது. எல்லோரும் பிடிக்கும்போது பிடிக்காமல், எல்லோரும் விட்ட பிறகும் விடாமல் அந்தச் சக்கரம் நிற்கிறது.

மிதித்திருக்கும் நேரம் முழுவதும் ஒரே பக்கம் இழுத்தால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும், அதில் உரசும் கட்டைகளான பேடுகளையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் ஆயில் அழுத்தம் தள்ளும் காலிப்பரின் பிஸ்டன் டிஸ்க்கின் உள்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. அது உள்பேடை டிஸ்க்கில் அழுத்தும்போது, எதிர்விசையால் காலிப்பர் முழுதும் ஸ்லைடு பின்கள் மீது நகர்ந்து வெளிப்பேடையும் இழுத்து அழுத்தும். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் பின்களில் கிரீஸ் காய்ந்து துருப்பிடித்தால் காலிப்பர் நகராது, வெளிப்பேடு சரியாக அழுத்தாது. கழற்றிப் பார்த்தால் உள்பேடு தேய்ந்திருக்கும், வெளிப்பேடு புதுசு போல இருக்கும். பேடில் ஆயிலோ கிரீஸோ ஊறியிருந்தாலும் பிடிமானம் மாறிவிடும். அதைத் துடைத்துப் போடுவதில் அர்த்தமில்லை. இரண்டு பக்கமும் சேர்த்துப் புதுசு மாற்றுவதுதான் சரி, இல்லையென்றால் புதுசும் பழசுமாக மறுபடி இழுக்கும்.

வெப்பம் இன்னொரு துப்பு. அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்திய பிறகு ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், அங்கே பிரேக் விடாமல் உரசுகிறது. பலமுறை பிரேக் போட்ட பிறகும் ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால், அது வேலையே செய்யவில்லை. டிஸ்க்கைக் கையால் தொட்டுவிடாதீர்கள். தொடாமலே வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு மானி இருந்தால் நல்லது. குறிப்பிட்ட டிகிரியைத் தேட வேண்டாம், இடதையும் வலதையும் ஒப்பிட்டால் போதும்.

உரசுகிற சக்கரம் தெரிந்துவிட்டது, ஆனால் குற்றவாளி ஹோஸா, காலிப்பரா? இதற்கு மெக்கானிக்குகள் செய்யும் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்துக் காலை எடுத்த பிறகு, சக்கரத்தைக் கையால் சுற்றுவார்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் சிறு திருகான பிளீடிங் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே இளகினால் உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது என்று பொருள், ஹோஸை மாற்ற வேண்டும். அழுத்தம் போன பிறகும் சுற்றவில்லையென்றால் பிஸ்டனோ பின்னோ ஜாம்.

பிஸ்டன் ஏன் ஜாமாகிறது? அதைப் பின்னால் இழுப்பது ஸ்பிரிங் அல்ல. சுற்றியிருக்கும் ரப்பர் சீல், பிஸ்டனோடு சேர்ந்து சற்றே வளைந்து, அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது அதையும் இழுத்துக்கொள்கிறது. நகர்வது ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்குதான், அதனால் லேசான துருகூட அதைத் தடுக்கப் போதும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. அந்த ஈரம் துருவுக்கு வழி செய்வதோடு கொதிநிலையையும் இறக்கும். பிரேக் ஆயிலுக்கான தரங்களில் ஒன்றான டாட் 4-இல், புதிய ஆயிலுக்குக் குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ், ஈரமேறியதற்கு 155 என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

பிரேக்கில் ஒன்றுமே இல்லாமலும் கார் இழுக்கலாம். பிரேக் போடும்போது சாலை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. சக்கரத்தைக் கீழிருந்து காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம் என்ற தண்டின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் கிழிந்திருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் பின்வாங்கி, திசை மாறிவிடும். மிதித்த கணத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தமும் வரலாம். இங்கே ரோலர் பரிசோதனை கைகொடுக்கும். சக்கரங்களை உருளைகள் மீது வைத்து ஒவ்வொன்றின் பிரேக் விசையையும் தனித்தனியே அளக்கும் கருவி அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகனப் பரிசோதனை விதிப்படி, ஒரே அச்சில் குறைந்த பக்கத்தின் விசை, கூடிய பக்கத்தின் 70 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. ரோலரில் இரண்டும் சமமாக வந்து, சாலையில் கார் இழுத்தால் புஷ்களைப் பாருங்கள்.

இழுப்போடு பெடலும் ஆழமாக இறங்கி, பிரேக் விளக்கும் எரிந்தால் அத்தோடு வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். பல கார்களில் பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிக்கப்பட்டவை: இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரு சுற்று, மற்ற இரண்டும் இன்னொன்று. ஒரு சுற்று கசிந்து செயலிழந்தால், முன்பக்கத்தில் ஒரேயொரு சக்கரம்தான் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்.