தேள் விளக்கும் கட்டியின் ஓரமும்

பென்னாகரம் பக்கம் எங்கள் சித்தி வீட்டுப் பின்கட்டில் புளி மூட்டைகளை அடுக்கியிருப்பார்கள். ராத்திரி அதில் கைவைக்க எல்லோருக்கும் தேள் பயம். போன கோடையில் சித்தப்பா கிருஷ்ணகிரியிலிருந்து கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச் ஒன்று வாங்கி வந்தார். கரண்டு போன நேரம், கல்சுவர் இடுக்கில் அடித்தால், நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒரு தேள் பளிச்சென்று தெரிந்தது. "ரேடியம் ஒட்டின மாதிரி இருக்குதே" என்றார்.

ரேடியம் ஸ்டிக்கர் இருட்டில் கொஞ்ச நேரம் மினுங்கும். டார்ச்சை அணைத்ததுமே தேள் அணைந்துவிட்டது. அதன் தோல்மேல் உள்ள சில பொருள்கள் ஊதா ஒளியை விழுங்கி, அதில் கொஞ்சம் ஆற்றலை இழந்து, மிச்சத்தை வேறு நிறமாகத் திருப்பித் தருகின்றன. 1852இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி இதை விளக்கி ஃப்ளோரசன்ஸ் என்று பெயர் வைத்தார். போகிற ஒளி ஒரு நிறம், வருகிற ஒளி இன்னொரு நிறம். போகிற நிறத்தை ஒரு ஃபில்டர் போட்டு மறைத்துவிட்டால் சுவர் முழுக்க இருட்டாகி, தேள் மட்டும் மிஞ்சும். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனில் இப்போது நுழைந்துகொண்டிருப்பது இதே வித்தைதான்.

சித்திக்கு மூன்று வருடம் முன்பு அந்த ஆபரேஷன் நடந்தது. மார்பு முழுவதையும் எடுக்காமல் கட்டியையும் சுற்றி கொஞ்சம் நல்ல சதையையும் மட்டும் எடுத்தார்கள். எங்கே கட்டி முடிகிறது என்பதை சர்ஜன் ஸ்கேன் படத்தை வைத்தும் விரலால் தடவியும்தான் முடிவு செய்கிறார். எடுத்த துண்டில் இரண்டு நூல் கட்டுவார்கள்: குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் அக்குள் பக்கம். லேபில் அதன் வெளிப்புறம் முழுக்க மை தடவி, ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மை பட்ட இடத்தில் புற்றுச் செல் இருந்தால், வெட்டு கட்டியின் ஊடாகவே போயிருக்கிறது என்று அர்த்தம். இந்த ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். அதற்குள் தையல் போட்டு வீட்டுக்கே அனுப்பியிருப்பார்கள்.

"ஏன் கண்ணு, அறுத்த இடத்தையே மறுபடியும் அறுக்கணுங்கறாங்களே?" என்று சித்தி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. டாக்டர் பிழை செய்துவிட்டார் என்றே வீட்டில் நினைத்தோம். அப்படியில்லை. பல நாட்டு ஆய்வுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கிறது. விரலுக்குத் தட்டுப்படாத செல்களை விரலால் எப்படித் தேடுவது?

அதற்காக உருவானதுதான் பெகுலிசியானின் என்ற மருந்து. 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஒளிரும் சாயம் ஒரு முனையில், அதன் ஒளியை அமுக்கிவைக்கும் மூலக்கூறு இன்னொரு முனையில், நடுவில் ஒரு சின்னப் புரதச் சங்கிலி. சங்கிலி அறாதவரை சாயம் ஒளிராது. புற்றுக்கட்டியிலும் அதைச் சுற்றியும் புரதத்தை வெட்டும் நொதிகள் அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. பக்கத்துத் திசுவுக்குள் வழி பண்ணிக்கொள்ள புற்றுக்கு அவை வேண்டும். அதே நொதிகள் இந்தச் சங்கிலியையும் வெட்டிவிட, சாயம் விடுதலையாகி ஒளிர்கிறது. ஆக, கட்டி தன் கத்தியாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆபரேஷனுக்கு முன்பே மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றிவிடுகிறார்கள். கட்டியை எடுத்த பிறகு, அந்தக் குழிக்குள் ஒரு சிறு கேமராவை வைத்து சுவர்களைப் பார்க்கிறார்கள். ஒளிரும் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் சீவி எடுக்கிறார்கள். 357 பெண்களிடம் நடந்த ஆய்வில், வழக்கமான ஆபரேஷன் முடிந்த பிறகும் 27 பேரிடம் மிச்சப் புற்று இந்த ஒளியால் சிக்கியது. ஆனால் இருந்த புற்றையெல்லாம் அது காட்டவில்லை. எவ்வளவு தவறவிடலாம் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டி வைத்திருந்த இலக்கை அது எட்டவில்லை. புதிதாகத் தோலுரித்த தேளும் ஊதா விளக்கில் ஒளிராது; சித்தப்பாவுக்கு இதைச் சொன்னதிலிருந்து மூட்டையைக் குச்சியால் தட்டவும் செய்கிறார். சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்ற எச்சரிக்கையோடுதான் மருந்துக்கு அனுமதி. எடுத்த துண்டு பழையபடி லேபுக்கும் போகத்தான் வேண்டும்.

நம் பக்கத்துப் பெரிய மருத்துவமனைகளில் பார்க்க வாய்ப்புள்ளது இன்னொரு சாயம்: ஐசிஜி, இண்டோசயனின் கிரீன். 1959இலேயே அனுமதி பெற்ற பழைய ஆள். இதற்குப் புற்றை அடையாளம் தெரியாது. அக்குளில் உள்ள நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்), மார்பிலிருந்து வரும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறி எது என்று காட்டும். அந்த முதல் நெறியில் புற்று இல்லையென்றால் மற்றவற்றை எடுக்காமல் விடலாம். எல்லா நெறியையும் எடுத்தால் கை வீங்கும் ஆபத்து கூடும். களையெடுக்கிற, புளி தட்டுகிற கைக்கு அது சின்ன விஷயமில்லை.

ஐசிஜியின் பலம் அதன் நிறத்தில் இருக்கிறது. செல்போன் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள், மறுபக்கம் சிவப்பு மட்டும் தெரியும். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பையும் தாண்டிய அகச்சிவப்பு இன்னும் எளிதாகச் சதையைக் கடக்கும். ஐசிஜி ஒளிர்வது அங்கேதான். கண்ணுக்குத் தெரியாது, கேமராதான் பார்த்துத் திரையில் பச்சையாகத் தீட்டிக் காட்டும். தோலுக்கு அடியில் நிணநீர் ஒரு கோடாக அக்குளை நோக்கிப் போவதை வெட்டுவதற்கு முன்பே பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தைத் தாண்டினால் மங்கிவிடும். ஆபரேஷன் தியேட்டரின் பெரிய விளக்கையும் அந்த நேரம் திருப்பிவைக்க வேண்டும்.

கேமரா விலை அதிகம். அதனால் பல இடங்களில் இன்றும் மெத்திலீன் நீலம்தான்; சல்லிசு, வெறுங்கண்ணுக்கே நெறி நீலமாகத் தெரியும். சித்திக்கும் அதைத்தான் போட்டார்கள். மறுநாள் காலை பதறிப்போய் என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணுக்குப் பச்சையாப் போகுது, என்னமோ ஆயிடுச்சு கண்ணு" என்றார். சாயம் சிறுநீரகம் வழியாக வெளியேறியதுதான் அது. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஐசிஜி என்றால் அந்தப் பயம் இருந்திருக்காது. அதைக் கல்லீரல் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பிவிடும்.