ரோஜாவை விடுங்கள், வேலியைப் பாருங்கள்

இங்கிலாந்தின் பழைய மாளிகைத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் பூவைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கவாத்து செய்து பிழைக்கிற எங்களுக்குக் கண் முதலில் உயிர்வேலிக்குத்தான் போகும். குளோஸ்டர்ஷயரில் ஹிட்கோட் பண்ணையை தோட்டக்கலைஞர் லாரன்ஸ் ஜான்ஸ்டனின் அம்மா 1907-இல் வாங்கினார். காற்று வீசியடிக்கும் அந்த மேட்டு நிலத்தை மகன் யூ, ஹாலி, பீச், ஹார்ன்பீம் மரங்களை நெருக்கி வளர்த்த வேலிகளால் தடுத்து, சிவப்புப் பூக்களுக்கு ஒரு அறை, வெள்ளைக்கு ஒன்று, வட்டக் குளத்துக்கு ஒன்று என்று பிரித்தார். பூச்செடி போனால் அடுத்த வசந்தத்தில் வேறு நடலாம். வேலி பட்டுப்போனால் அறையே இல்லை, யூ மறுபடி ஆள் உயரம் வர ஏறக்குறைய பத்து வருஷம் ஆகும்.

இப்போதைய தலைவலி, பாத்தி ஓரங்களில் குட்டையாக வெட்டி வைத்திருப்பார்களே, அந்த பாக்ஸ் செடி. 1990-களில் பிரிட்டனில் தலைகாட்டிய பூஞ்சாணக் கருகல் நோய் அதை வாட்டுகிறது. இலையில் பழுப்புப் புள்ளி வரும், அப்புறம் கொட்டும். கொட்டிய இடத்தை விலக்கிப் பார்த்தால் இளந்தண்டில் கறுப்புக் கோடுகள் தெரியும். கோடு இல்லாமல், உள்ளே நூலாம்படையும் புழுவின் எச்சமுமாக இருந்தால் அது அந்துப்பூச்சிப் புழு, 2011 வாக்கில் பிரிட்டன் வீட்டுத் தோட்டங்களில் ஏறியது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு, ஆனால் புழு தின்ற செடிக்குப் பூஞ்சாண மருந்தை அடித்துவிட்டுக் கேட்கவில்லையே என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

நம் கத்தரிக்கோலும் இதில் குற்றவாளி. வழவழவென்று நெருக்கமாக வெட்ட வெட்ட உள்ளே காற்றுப் போகாமல் ஈரம் தேங்குகிறது, பூஞ்சாணத்துக்கு வேறென்ன வேண்டும்? அதன் வித்துகள் பிசுபிசுப்பானவை, தெறிக்கும் தண்ணீரிலும் கத்தரியிலும் பூட்ஸிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடும். அதனால் காய்ந்த நாளில் மட்டும் வெட்டுங்கள், ஒரு வேலியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் கத்தரியைக் கிருமிநாசினியால் துடையுங்கள், உதிர்ந்த இலையை உரக்குழியில் போடாதீர்கள். நர்சரியில் வாங்கிய கன்று பச்சைப்பசேலென்று இருந்தாலும் சில வாரம் தனியாக வையுங்கள். அங்கே அடித்த மருந்து நோயை அமுக்கி வைத்திருக்கலாம். வேரை இந்த நோய் தொடுவதில்லை, ஆகவே ஒட்ட வெட்டிவிட்டால் பல செடிகள் துளிர்க்கும். உடனே பிடுங்கிப் போட வேண்டாம்.

யூ இன்னும் தாராளம். பருத்துப் பாதையை அடைத்த கிழட்டு வேலியையும் ஒரு பக்கம் மட்டும் அடிமரம் வரை வெட்டலாம். அது பச்சை கட்டிய பிறகு மறுபக்கம். வேரடியில் தண்ணீர் தேங்கினால் மட்டும் அதற்கு ஆகாது. சரி, வெட்டிய யூ கிளைகளை ஆடு மாடு மேயும் பக்கம் போட்டுவிடாதீர்கள், கொஞ்சம் தின்றாலே செத்துப்போகும்.