மருந்து குடித்தால் விசுவாசம் குறையுமா?

அவர் ஓய்வுபெற்ற வாத்தியார். 70 வயதைத் தாண்டியவர். தாடையில் புற்றுநோய். கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, கீமோ ஏற்றி, எல்லாம் பார்த்தாகிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இப்படி அனுப்பப்பட்டவர்களின் வீடுகளுக்குப் போவதுதான் என் வேலை. தேரிக்காட்டு ஊர்களில் 18 வருஷமாகப் போய்வருகிறேன். எங்கள் துறைக்குப் பேலியேட்டிவ் கேர், அதாவது வலி தணிக்கும் பராமரிப்பு, என்று பெயர். ஊருக்குள் என் பெயர் "வலி மாத்திரை சிஸ்டர்".

முதல் நாள் நான் போனபோது வாத்தியார் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படுத்தால் வலி கூடுகிறதாம். இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த, மார்பின் (morphine) என்ற கடும் வலிக்கான மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் வேதாகமத்தின் மேல் கிடந்தது. ஏன் சார் போடவில்லை என்று கேட்டேன். துண்டால் வாயை ஒற்றிக்கொண்டு மெல்லச் சொன்னார்: "சிலுவையில ஆண்டவருக்கு வெள்ளைப்போளம் கலந்த ரசம் கொடுத்தாங்களே சிஸ்டர், அவர் வாங்கலியே."

மாற்கு 15:23. ஞாயிறுபள்ளியில் நானும் படித்ததுதான். வலியைக் கொஞ்சம் மரத்துப்போகச் செய்வதற்குக் கொடுத்த பானம் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். 40 வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவரிடம் நான் என்ன பேசுவது? புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர்களுடைய சபை ஐயரிடம் போய்ச் சொன்னேன். (எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) அவர் மறுநாளே வந்தார். பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. யோவான் 19-ஐ எடுத்து 28-ஆம் வசனத்திலிருந்து வாத்தியாரையே வாசிக்கச் சொன்னார். "தாகமாயிருக்கிறேன்" என்ற இடம் வந்தது. பிறகு காடியை, அதாவது புளித்த ரசத்தை, வாங்கின இடம் வந்தது. "கடைசியில கேட்டு வாங்கினாரே சார்" என்றார் ஐயர், அவ்வளவுதான். இறையியல் கல்லூரியில் இந்த விளக்கத்துக்கு எத்தனை மார்க் போடுவார்களோ, வாத்தியார் அன்று ராத்திரி முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

இந்த மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயம் பாதிக்குமேல் இதில்தான் இருக்கிறது. புற்றுநோயின் கடும் வலிக்கு வாய்வழி மார்பினைப் படிப்படியாகக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வழிமுறை வெளியிட்டது. சாதாரண மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம்தான். அதனால்தான் நேரம் பார்த்துப் போடச் சொல்கிறோம். வலி வந்தபிறகு போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் வலி முந்திக்கொள்ளும். மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கொடுப்போம். முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு அடங்கிவிடும். டாக்டர் குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துக் கூட்டுகிறவரை மூச்சு நின்றுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் நாமாகக் கூட்டவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. வலிக்காக அளவோடு எடுக்கிறவர் குடிகாரரைப் போல அடிமையாகிவிடுவதை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. இந்தியாவில் போதைப்பொருள் சட்டம் கெடுபிடியாக இருந்ததால் மார்பின் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தியபிறகு வழி கொஞ்சம் சுலபமானது. அப்படிப் போராடிக் கிடைத்த மாத்திரை வேதாகமத்தின் மேல் சும்மா கிடந்தால் எனக்குக் கோபம் வரும்.

கத்தோலிக்க வீடுகளில் இதே எண்ணம் வேறு சொல்லில் வரும். "வலியை ஒப்புக்கொடுக்கிறேன் சிஸ்டர்" என்பார்கள். அவர்களுக்கும் ஒரு செய்தி வைத்திருக்கிறேன். தாங்கமுடியாத வலிக்கு மார்பின் போன்ற மருந்தை எடுத்துக்கொள்ளலாம் என்று திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1957-லேயே மருத்துவர்களிடம் சொல்லிவிட்டார்.

உடம்பு வலியைவிடக் கஷ்டமானது ஒன்று உண்டு. 40 வயதுக்காரி ஒரு தாய். மார்பில் கொட்டைப்பாக்கு அளவு கட்டி இருந்தபோதே கண்டுகொண்டவர். ஊருக்கு வந்த ஒரு ஜெபக்குழு, சுகம் கிடைத்தாயிற்று, இனி ஸ்கேனுக்குப் போவது அவிசுவாசம் என்று சொன்னது. 8 மாதம் போய்விட்டது. நான் பார்த்தபோது கட்டி உடைந்து புண்ணாகி, வாடை தெருவரை வந்தது. அதே குழு திரும்பி வந்து கேட்டதாம்: "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கா?" அதை அவர் என்னிடம் சொன்னபோது அழவில்லை. சின்ன வயசில் பக்கத்து வீட்டுக் கொய்யாப்பழத்தைத் திருடியதுவரை யோசித்துப் பார்த்துவிட்டேன் சிஸ்டர் என்றார்.

"யார் செய்த பாவம்?" இந்தக் கேள்வியைப் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்களே கேட்டிருக்கிறார்கள். அவனா, அவனைப் பெற்றவர்களா என்று இரண்டே வாய்ப்புதான் கொடுத்தார்கள். இயேசு இரண்டையும் மறுத்தார். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்ற பேச்சு வந்தபோதும் இல்லை என்றுதான் சொன்னார். நம் சபைகளில் இந்த இரண்டு பகுதியும் வாசிக்கப்படாமல் இல்லை. துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதையும் கழற்றி வைத்துவிடுகிறோம்.

அந்தத் தாய் கோவிலில் திருவிருந்துக்கு (நற்கருணைக்கு) போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. விசுவாசம் குறைந்ததால் அல்ல, வாடையால். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து இடம் மாறினார்களாம். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினோம். எங்கள் துறையில் வழக்கமாகச் செய்வதுதான், விலையும் அதிகமில்லை. சில நாளில் வாடை அடங்கியது. அந்த மாதத் திருவிருந்துக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனார். இங்கிலாந்தில் நர்ஸாகத் தொடங்கி, அப்புறம் டாக்டராகி, 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (கடைசிக்கால நோயாளிகளுக்கான இல்லத்தை) திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், வலி என்பது உடம்பு, மனம், குடும்பம், ஆத்துமா நான்கும் சேர்ந்த முழு வலி என்றார். அவரும் ஆழ்ந்த விசுவாசி. பயிற்சி வகுப்பில் அதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். புரிந்தது அந்தப் புதுச்சேலையைப் பார்த்தபோது.

சபையில் சாட்சி நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கட்டி கரைந்தவர், விபத்தில் தப்பியவர், வேலை கிடைத்தவர். மைக் இவர்களுக்குத்தான் போகும். கட்டி கரையாதவர் பின்வரிசையில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, எனக்கு மட்டும் ஏன் என்று சுவரைப் பார்ப்பார். எபிரெயர் 11-ஐ நிதானமாக வாசித்தால், விசுவாசத்தினாலே பட்டயத்துக்குத் தப்பினவர்கள் 34-ஆம் வசனத்தில் இருக்கிறார்கள். பட்டயத்தால் வெட்டுண்டு செத்தவர்கள் மூன்றே வசனம் தள்ளி இருக்கிறார்கள். இரண்டும் ஒரே பட்டியல். பவுலின் துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டால் வியாதி நீங்கினதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதே பவுல் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாகத் தன் கையால் எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு ஜெபத்துணி அனுப்பவில்லை, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார்.

புதுவருஷ வாக்குத்தத்த அட்டையும் இப்படித்தான். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்ற எரேமியா 29:11 வந்தால் வீடே சந்தோஷப்படும். நானும் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. அதில், நாடு கடத்தப்பட்ட ஜனங்களுக்குப் பாபிலோனில் 70 வருஷம் என்று இருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு டோனாவூர் தெரியும். 1895-ல் இந்தியாவுக்கு வந்து அங்கே பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதன்பிறகு 1951-ல் சாகும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் படுக்கையறைதான். அவருக்காக ஜெபிக்க ஆள் இல்லாமலா இருந்தது? எத்தனையோ பிள்ளைகள் அவரை அம்மாய் என்று கூப்பிட்ட இடம் அது. அவர் எழுந்து நடமாடவில்லை. படுக்கையிலிருந்தே எழுதினார். அவருடைய ஸ்தாபனத்தில் ஜெபமும் நடந்தது, ஆஸ்பத்திரியும் நடந்தது. கல்லறையில் கல் வேண்டாம் என்று அவர் சொன்னதால் பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்தார்கள். அதில் "அம்மாய்" என்று மட்டும் இருக்கிறது.

இனி சொல்வது எனக்கே கொஞ்சம் சிக்கலான விஷயம். 2001-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த, 55 வயதும் அதற்கு மேலுமான 600 பேர் அளவில் எடுத்துக்கொண்டு 2 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். கடவுள் என்னைக் கைவிட்டாரோ, அவருக்கு என்மேல் அன்பில்லையோ, இது பிசாசின் வேலையோ என்று உள்ளுக்குள் போராடியவர்களில் இறந்துபோகும் அபாயம் சற்றுக் கூடுதலாக இருந்தது. உடல்நிலையையும் மனநிலையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான். இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒருவர் உடனே எழுந்து, "அதனாலதான் கேள்வி கேட்காம விசுவாசிக்கணும்" என்றார்.

நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சங்கீதம் 88-ஐப் பாருங்கள். ஆரம்பத்தில் கூப்பிடுகிறார், நடுவில் புலம்புகிறார், முடிவில் நண்பர்களும் தெரிந்தவர்களும் விலகிப்போனார்கள் என்பதோடு நிற்கிறது. ஆனாலும் ஸ்தோத்திரம் என்ற திருப்பமே கிடையாது. அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் கத்தியவருக்கு நாம் விசுவாசக்குறைவு என்றா பெயர் வைக்கிறோம்? அந்தக் கேள்வியை அவரிடமே கேட்கிறவர் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறார். நான் வீடுகளில் பார்க்கிற ஆபத்து வேறு. "அவர் என்னை விட்டுட்டார், இதை யார்கிட்டயும் சொல்ல முடியாது" என்று முடிவுகட்டி வாயை மூடிக்கொள்வது. சொன்னால் ஐயர் என்ன நினைப்பார், ஜெபக்குழு அக்கா என்ன நினைப்பார் என்ற பயம். எங்கள் அம்மா படுக்கையில் கிடந்த வருஷம் நான் கோவிலுக்குப் போவேன், பாட மாட்டேன். பாட்டுப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். யாராவது ஏன் பாடவில்லை என்று கேட்டிருந்தால் நான் போவதையே விட்டிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

பராமரிக்கிறவர்களையும் மறந்துவிடக்கூடாது. படுத்திருக்கும் மாமியாரைத் தனியாளாகப் பார்க்கும் ஒரு மருமகள், செத்துட்டா தேவலன்னு தோணுது சிஸ்டர் என்றார். எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழ் அதைத்தான் சொன்னார். கர்த்தருடைய தூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் மறுபடி தூங்கினார். மறுபடி சாப்பாடு. பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். அந்த வீட்டுக்கு நாங்கள் செய்ததும் அதுதான். சபைப் பெண்கள் முறைபோட்டு வாரத்தில் மூன்று மதியம் வந்து பார்த்துக்கொண்டார்கள், அவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். அப்படியும் அந்த நினைப்பு போகாததால் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம், மாத்திரை ஆரம்பித்தார்கள். சாக வேண்டும் என்று யாராவது சொன்னால் ஜெபித்துவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். 14416, டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

யோபுவின் நண்பர்களைப் பற்றி நமக்குக் கெட்ட பெயர்தான் ஞாபகம். ஆனால் முதல் 7 நாள் அவர்கள் சரியாகத்தான் இருந்தார்கள். தரையில் கூட உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்தது புலம்பித் தீர்த்த யோபுவின்மேல் அல்ல, தன் சார்பில் விளக்கம் சொன்ன இந்த நண்பர்கள்மேல்.

வாத்தியாருக்கும் ஒரு நண்பர் இருந்தார். கூடவே வேலை பார்த்தவர், இந்து. தினமும் சாயங்காலம் 4 மணிக்கு தினத்தந்தியோடு வருவார். திண்ணையில் உட்கார்ந்து தலைப்புச் செய்தியிலிருந்து சினிமா விளம்பரம்வரை சத்தமாக வாசிப்பார். நோயைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. வாத்தியாருக்குப் பேச முடியாமல் போனபிறகும், கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொல்லிக் கையைக் காட்டுவார், கேட்பதற்கு.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மீதி மாத்திரைகளைத் திரும்ப வாங்கப் போனேன். எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். 4 மணி ஆனது. அவர் பேப்பரோடு வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விரித்தார். வாத்தியாரின் மனைவி டீச்சரம்மா உள்ளேயிருந்து ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு வந்து ஜன்னல் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்கள்.