குறுக்குப் பயிற்சியா, மாற்றுப் பயிற்சியா?

கீழ்க்கால் எலும்பில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். ஓடவே கூடாது என்று சொல்லி அனுப்பியவர்கள் கையில் ஒரு தாளையும் கொடுத்தார்கள். ‘ஓட்டத்தைத் தவிர்த்துக் குறுக்குப் பயிற்சி மேற்கொள்ளவும்’ என்று அதில் அச்சடித்திருந்தது. வீட்டில் அதை முதலில் எடுத்து வாசித்தவர் பெரியம்மா. “கால்லதானடா வலின்னு சொன்ன? குறுக்குல என்ன வந்துச்சு?” என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பேச்சுத் தமிழில் குறுக்கு என்றால் இடுப்பின் பின்பக்கம். குனிந்தால் நிமிர முடியாதவர் ‘குறுக்கு வலிக்குது’ என்பார். அப்படியானால் குறுக்குப் பயிற்சி முதுகுவலிக்காரர்கள் செய்வதாகத்தானே இருக்க வேண்டும்? அன்றிலிருந்து உடற்பயிற்சிக் கட்டுரைகளிலும் காணொளிகளின் அடியில் ஓடும் வரிகளிலும் இந்தச் சொல் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. இனியும் பொறுப்பதற்கில்லை.

மூலச் சொல் கிராஸ் டிரெய்னிங். ‘கிராஸ்’ லத்தீனின் ‘க்ருக்ஸ்’ என்ற சிலுவைச் சொல்லிலிருந்து வந்தது. சிலுவையில் ஒரு மரம் மற்றொன்றின் மேல் குறுக்கே போவதால் ‘குறுக்கே’ என்ற பொருளும், குறுக்கே போவதால் ‘கடந்து’ என்ற பொருளும், இரண்டு சேர்வதால் ‘கலப்பு’ என்ற பொருளும் பின்னால் ஏறிக்கொண்டன. விளையாட்டில் அதன் பொருள் எளியது: தன் ஆட்டத்தைக் கடந்து வேறோர் ஆட்டத்தின் வழியாக உடலைப் பழக்குவது. ஓட்டக்காரர் நீந்துவதும் மிதிவண்டி மிதிப்பதும் அதில் அடங்கும். நைக்கி நிறுவனத்துக்காக டிங்கர் ஹாட்ஃபீல்ட் வடிவமைத்து 1987இல் வந்த ஏர் டிரெய்னர் 1, ஓடவும் பளு தூக்கவும் பந்தாடவும் ஒரே காலணி போதும் என்று சொல்லி விற்கப்பட்டது. இந்தப் பெயரைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்ததில் அந்த வகைக் காலணிக்கும் பங்கு உண்டு. பிறப்புக் கதை இவ்வளவுதான்.

நம் பக்கத்தில் நடப்பதுதான் வேடிக்கை. அகராதியைத் திறந்து ‘கிராஸ்’ என்பதற்கு நேரே முதலில் கிடப்பதைப் பிய்த்தெடுத்து ஒட்டிவிட்டார்கள். குறு, குறுகு, குறுக்கு என்று வரும் சொல் அது. நீளவாட்டுக்கு எதிரான குறுகிய வாட்டம் குறுக்கு. அதனால்தான் ‘குறுக்கும் நெடுக்கும் நடந்தான்’ என்கிறோம். குறுக்குக்கு எப்போதும் ஒரு நெடுக்கு துணை நிற்கும். குளத்தில் நீந்துவது குறுக்குப் பயிற்சி என்றால் சாலையில் ஓடுவது நெடுக்குப் பயிற்சியா? அப்படி யாரும் சொல்வதில்லை. சொல்லாதபோது இந்தக் குறுக்கு எதன் குறுக்கே கிடக்கிறது?

‘குறுக்கு விசாரணை இருக்கிறதே, குறுக்கெழுத்து இருக்கிறதே’ என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும், அவை நல்ல சொற்கள். சாட்சி சொல்லிக்கொண்டு போகும் நேர்கோட்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கிடுகிறார். கட்டங்களில் ஒரு சொல் இன்னொரு சொல்லை வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டிலும் குறுக்கு கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத இடத்தில் தமிழ் பெரும்பாலும் அந்தச் சொல்லை எடுத்ததில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தைச் செங்குறுக்குச் சங்கம் என்றா எழுதினோம்? கலப்பினப் பசுவைக் குறுக்கினப் பசு என்று எந்தப் பால்காரர் சொல்வார்? ஒரு செடியின் மகரந்தம் வேறு செடியின் பூவுக்குப் போவதைப் பாடநூல் ‘அயல் மகரந்தச் சேர்க்கை’ என்கிறது. அதை எழுதியவர் நின்று யோசித்திருக்கிறார். அவருக்கு ஒரு கும்பிடு. ‘கிராஸ் பார்டர்’ என்பதைச் செய்தித்தாள்கூட ‘எல்லை தாண்டிய’ என்றுதான் எழுதுகிறது. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை தமிழ். இடம் பார்த்து ஆள் மாற்றத் தெரிந்தவர்களுக்குப் பயிற்சி என்று வந்ததும் என்ன ஆயிற்று?

இடுப்புவலியைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் இருக்கிறது. குறுக்கு வழி, குறுக்குப் பாதை, குறுக்குப் புத்தி: இந்த வரிசையில் நிற்கும் சொல்லைப் பொறுமையிழந்து கிடக்கும் ஓட்டக்காரரிடம் நீட்டினால் சீக்கிரம் தேற ஏதோ வழி கிடைத்துவிட்டது என்றுதான் அவருக்குப் படும். எலும்பு ஆறுவதற்கு அப்படி வழி கிடையாது; அது வாரக்கணக்கில்தான் ஆறும். நீந்தினாலும் மிதித்தாலும் ஒரு நாள் முன்கூட்டி ஆறாது.

சாலையைத் தோண்டிப் போட்டிருக்கும் இடத்தில் என்ன பலகை வைக்கிறார்கள்? ‘மாற்றுப் பாதை’. சுற்றிப் போ, ஊருக்குப் போய்ச் சேர்வாய், அதற்குள் இந்தச் சாலை செப்பனிடப்படட்டும் என்று பொருள். அடிபட்ட ஓட்டக்காரர் செய்வது அச்சு அசலாக அதுதான். எனவே மாற்றுப் பயிற்சி. குறுக்குப் பாதை என்று பலகை வைத்தால் எல்லோரும் தோண்டிய பள்ளத்தின் மேலேயே வண்டியை விடுவார்கள்.

வேறு சொற்களையும் எடை போட்டுப் பார்த்தேன். ‘கலப்புப் பயிற்சி’ சரிவராது. கலக்க இரண்டு வேண்டும். ஓடவே முடியாதவர் எதோடு எதைக் கலப்பார்? ‘அயற்பயிற்சி’ மேல் எனக்கு ஆசை உண்டு, மகரந்தத்தின் தயவால். ஆனால் இன்று அயல் என்றால் ‘எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள்?’ என்ற கேள்விதான் வரும். ‘கிராஸ் டிரெய்னிங்’ என்றே சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஓடுகிறவர்கள் வாயில் புழங்குவது அதுதான். கடன் வாங்கியதைக் கடன் என்று ஒத்துக்கொள்வது, போலி நகையைத் தங்கம் என்று விற்பதைவிட நாணயமானது.

மாற்று என்ற சொல்லே இந்தப் பயிற்சியின் இலக்கணத்தையும் சொல்லிவிடுகிறது. எதற்கு மாற்று? தரையில் பாதம் விழும் அதிர்ச்சிக்கு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. தொப்புள் வரை நீரில் நின்றால் எடையில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடும். இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு அடி எட்டாத ஆழத்தில் ஓடினால் தரை இடிக்கும் பேச்சே இல்லை. ஓட்டத்தின் அசைவு மட்டும் மிஞ்சும். மூச்சு வாங்குவது குறையாது. ஆனால் நீரின் அழுத்தம் குருதியை நெஞ்சுப் பக்கம் தள்ளுவதால், அதே உழைப்புக்கு நாடித்துடிப்பு தரையைவிடக் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்து ஏமாந்து இன்னும் முடுக்கக் கூடாது. மாற்று என்பது இடத்துக்கு இடம் மாறவும் செய்யும். கீழ்க்கால் எலும்புக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகும் மிதிவண்டி, குதிகால் தசைநாண் நொந்தவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வலியைக் கிளப்புவது எதுவோ அது மாற்றே அல்ல.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் ஆள் ஜோன் பெனாய்ட். 1984இல் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மராத்தானுக்கு 17 நாள் முன்பு அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. படுத்தபடி மிதிவண்டியின் மிதிகட்டையைக் கைகளால் சுற்றினார்! தேர்விலும் வென்று, அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த முதல் பெண்கள் ஒலிம்பிக் மராத்தானில் 2:24:52 நேரத்தில் தங்கமும் வாங்கினார். கால் செய்ய வேண்டியதைக் கை செய்தது. இதில் குறுக்கு எங்கே இருக்கிறது?

அந்தத் தாளில் வேறு அபத்தங்களும் இருந்தன. ‘காயம்’ என்று எழுதியிருந்தார்கள். ரத்தமும் இல்லை, வெட்டும் இல்லை, உள்ளே எலும்பில் விரிசல். கால் ஆறிய பிறகு ‘மீட்பு ஓட்டம்’ ஓடச் சொன்னார்கள். மெதுவாக ஓடி உடலைத் தேற்றிக்கொள்வதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். வாசித்தால் தீயணைப்பு வண்டியோடு கிணற்றில் விழுந்த கன்றைத் தூக்க ஓடுவது போல இருக்கிறது. ‘தேறும் ஓட்டம்’ என்றால் என்ன குறைந்துவிடும்?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கால் ஆறி, ஓட்டமும் திரும்பி, அதன் பிறகும் வாரத்தில் ஒரு நாள் மிதிவண்டி மிதித்தால் அது மாற்றுப் பயிற்சி ஆகாது. ஓட்டம் நடக்கிறது, இது பக்கத்தில் நிற்கிறது; அதற்குத் துணைப் பயிற்சி என்பதே பொருத்தம். ஆலையில் ஒரு தொழிலாளிக்கு நாலு இயந்திர வேலை கற்றுத் தருவதையும் ஆங்கிலத்தில் இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். அங்கே பல்பணிப் பயிற்சி. ஒரு சொல்லுக்கு மூன்றா என்று கலைச்சொல் பட்டியல்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சிலுவைக்கும் பசுவுக்கும் பூவுக்கும் தனித்தனியாகக் கொடுத்தபோது சுளிக்காத முகம்தானே அது.