பைக்கை ஜீப் ஏன் பிடிக்க முடிவதில்லை?

போன கோடையில் ஓர் இரவு, பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வரும் தம்பிக்காகச் சத்துவாச்சாரி சர்வீஸ் சாலையில் ஒரு டீக்கடை முன்னால் காத்திருந்தேன். மணி பத்தரை இருக்கும். வேலூரின் பகல் வெயிலை வாங்கிவைத்திருந்த தார்ச்சாலை அந்த நேரத்திலும் அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. ராணிப்பேட்டை பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. வந்தது என்று சொல்வதற்குள் போய்விட்டது. ஓட்டியவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. இருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. பின்னால் இருந்தவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். பின்னாலேயே சைரனோடு போலீஸ் ஜீப். கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஜீப்பின் வேகம் குறைந்தது, சைரனும் நின்றது. முன் இருக்கையில் இருந்த அதிகாரி மைக்கை வாயருகே கொண்டுபோனது கம்பத்து விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. பிறகு ஜீப் நிதானமாக நகர்ந்து போய்விட்டது.

"விட்டுவிட்டார்கள்" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எடைக் கணக்கு. வண்டி எவ்வளவு விரைவாக வேகம் எடுக்கும் என்பதை இன்ஜினின் குதிரைத்திறன் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்தக் குதிரைகள் எவ்வளவு எடையை இழுக்கின்றன என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. நம் ஊர் போலீசார் அதிகம் பயன்படுத்தும் பொலிரோ போன்ற வண்டியின் திறன் சுமார் 75 குதிரைத்திறன். வண்டியும் நான்கு காவலர்களும் சேர்ந்தால் 1,900 கிலோவை நெருங்கும். ஆக ஒரு டன்னுக்கு 40 குதிரைகூட இல்லை. கல்லூரி வாசல்களில் நிற்கும் 150 சிசி வகை ஸ்போர்ட்ஸ் பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 18 குதிரைத்திறன், எடை 140 கிலோ சொச்சம். இரண்டு பேர் ஏறினாலும் டன்னுக்கு 70 குதிரையை நெருங்குகிறது. இவ்வளவு ஏன், 1980-களின் நடுவில் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 11 குதிரைத்திறன் கொண்டது. ஆனால் வண்டியின் எடையே நூறு கிலோவைச் சற்றுத்தான் தாண்டும் என்பதால் ஒருவர் ஓட்டும்போது டன்னுக்கு 65 குதிரை. சிக்னலில் இருந்து புறப்படும் முதல் நூறு மீட்டரில் அந்தப் பழைய வண்டிகூட ஜீப்பை முந்திவிடும். 390 டியூக் போன்ற பைக்கில் தனியாளாகப் போனால் டன்னுக்கு 180-ஐத் தாண்டுகிறது. அங்கே போட்டி என்ற பேச்சே இல்லை.

அடுத்தது அகலம். நான்கு வழி நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர். அதில் ஓடும் லாரி இரண்டரை மீட்டர். இரண்டு லாரிகள் பக்கத்துப் பக்கத்தில் தத்தம் தடத்தின் நடுவில் போனால் நடுவே ஒரு மீட்டர் சந்து கிடைக்கும். பைக்கின் கைப்பிடி முக்கால் மீட்டர். ஜீப்பின் அகலம் ஒன்றேமுக்கால் மீட்டர். பைக் நுழைந்த சந்தில் ஜீப்பால் நுழைய முடியாது. பிரேக் பிடித்துக் காத்திருந்து, வழி கிடைத்ததும் மறுபடி முதலிலிருந்து வேகம் எடுக்க வேண்டும். எடைக் கணக்கில் ஏற்கெனவே தோற்ற வண்டி ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் மீண்டும் மீண்டும் தோற்கிறது. வெறிச்சோடிய சாலையில்கூடப் பிடிக்க முடியாத இடைவெளி இப்படித்தான் விழுகிறது.

ஆனால் நீண்ட நேர்ச்சாலையில் கதை மாறும். அங்கே எதிரி எடை அல்ல, காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைச் சமாளிக்கத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு குதிரைக்கும் குறைவாகவே காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த சிறிய பைக், 120-இல் ஏறக்குறைய பன்னிரண்டைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஓட்டுபவர் டேங்க் மேல் படுத்தால்தான் அதுவும். நிமிர்ந்து உட்கார்ந்தால் இன்னும் கூடுதல். சங்கிலியிலும் டயரிலும் போவதையும் சேர்த்தால் 18 குதிரையின் கையிருப்பு அத்தோடு தீர்ந்துபோகிறது. பெரிய இன்ஜின் கொண்ட காருக்கு அந்த இடத்திலும் மிச்சம் நிறைய இருக்கும்.

அமெரிக்கப் போலீசார் பல ஆண்டுகள் ஓட்டிய ஃபோர்டு கிரவுன் விக்டோரியா இந்த மிச்சத்தை நம்பியே கட்டப்பட்ட கார். கடைசி மாடல்களில் 4.6 லிட்டர், எட்டு சிலிண்டர், 250 குதிரைத்திறன். 2011 வரை தயாரித்தார்கள். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். முதல் சில விநாடிகளில் 390 சிசி பைக் அதை விட்டு ஓடும். நேர்ச்சாலை நீண்டால் கார் எட்டிப் பிடிக்கும். அதற்கு முன்பே, தங்கள் செடான்களின் வேகம் போதவில்லை என்று கலிபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படை 1982-இல் ஃபோர்டு முஸ்டாங் ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கியது. ஆனால் 1999-இல் சுசுகி ஹயபுசா பைக் வந்தது. 1,300 சிசி, மணிக்கு 300 கிலோமீட்டர். சாதாரண ரோந்துக் கார் எதுவும் அதன் அருகே போக முடியாது. இத்தாலியப் போலீசார் 2004-இல் லம்போர்கினி கல்லார்டோவைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய லம்போர்கினிகளுக்குப் பேர் வாங்கித் தந்தது திருடர்களைத் துரத்தியது அல்ல. மாற்று அறுவை சிகிச்சைக்கான உறுப்புகளைக் குளிர்பெட்டியில் வைத்து ஊர்விட்டு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான். அந்த வேகத்துக்கு அதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

வேகம் எடுப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பயம் தருவது நிறுத்துவதுதான்.

நகரின் ஒரு பட்டறையில் மெக்கானிக் ஒருவர் ஜீப் ஒன்றின் முன் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பிரேக் பேடின் முகம் தேய்ந்த கருங்கல்போல் வழவழவென்று மின்னியது. விரல் நகத்தால் கீறினால் கோடுகூட விழவில்லை. ஆயில் குப்பியைத் திறந்தால், தேன் நிறத்தில் இருக்க வேண்டிய பிரேக் ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. "பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று கொண்டுவந்தார்கள்" என்றார்.

பஞ்சாக அமுங்கியதன் காரணம் இது. 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 1,900 கிலோ ஜீப்பிடம் சுமார் பத்து லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. நிறுத்தினால் அவ்வளவும் பிரேக்கில் சூடாக மாறியாக வேண்டும். மூன்றரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதே வேகத்தில் இரண்டு பேரோடு போகும் பைக்கின் ஆற்றல் அரை லிட்டருக்குத்தான் காணும். ஜீப் ஒரு முறை அழுத்தி நின்றால் முன் டிஸ்க்கின் சூடு நூறு டிகிரி அளவுக்கு ஏறும். ஆறுவதற்குள் இன்னொரு லாரி, இன்னொரு பிரேக், இன்னொரு நூறு. துரத்தலில் இதுதான் நடக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிப் பழையதானால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது என்பதால்தான் பாதத்தின் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஆவியையோ அமுக்கலாம். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ரோந்துக் கார்களுக்குப் பெரிய பிரேக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். நம் ஜீப்புகள் கரடுமுரடான கிராமச் சாலைகளில் உழைக்கப் பிறந்தவை. அந்த வேலையில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. துரத்துவதற்கு அவை செய்யப்படவில்லை.

பைக் சட்டென்று நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. நிற்கும் தூரத்தை முடிவு செய்வது எடை அல்ல, டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிமானம். 120-இல் வருபவர் ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கில் கை வைக்க ஒன்றரை விநாடி ஆனால் அதற்குள்ளேயே 50 மீட்டர் போய்விடுகிறது. பிறகு நிற்க இன்னும் 80 மீட்டர். அதிகமாக அழுத்தினால் பைக்கின் பின்சக்கரம் எழும்பும், அல்லது முன்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வண்டி சாயும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது இந்தப் பூட்டலைத் தடுக்கத்தான்.

வளைவிலும் பைக்குக்குத் தனிச் சலுகை இல்லை. ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் நல்ல டயர் போட்ட காரும் பைக்கும் கிட்டத்தட்டச் சமம். ஒரு வித்தியாசம் உண்டு. சாலையில் ஒரு கை மணல் கிடந்தால் கார் வழுக்கும், பைக் விழும். சாலையைத் தொடும் ரப்பர் இரண்டு உள்ளங்கை அளவுகூட இல்லாத வண்டி அது.

அந்தப் பின் இருக்கைப் பையன் திரும்பித் திரும்பிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவன் அசைந்த ஒவ்வொரு முறையும் பைக்கின் எடைமையம் நகர்ந்திருக்கும். ஓட்டுபவனே திரும்பிப் பார்த்தால் இன்னும் மோசம். தலை திரும்பும்போது தோள் திரும்பும். தோள் திரும்பினால் ஒரு கை தன்னையறியாமல் கைப்பிடியைத் தள்ளும். வேகத்தில் போகும் பைக்கில் இடது கைப்பிடியை முன்னால் தள்ளினால் வண்டி இடப்பக்கம் சாய்ந்து இடப்பக்கமே திரும்பும். அப்படித்தான் எல்லா பைக்குகளும் வேகத்தில் திரும்புகின்றன. ஓட்டுபவர் பலருக்கே தெரியாது. நூறில் போகும்போது ஒரு விநாடி திரும்பிப் பார்த்தால் 28 மீட்டர் கண்ணில்லாமல் போகிறான், அதுவும் நேராக அல்ல. பின்னால் சைரன் ஒலித்துக்கொண்டிருக்கும்வரை அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் இருப்பான்.

சைரனுக்கும் ஓர் எல்லை உண்டு. கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட காருக்குள் சில பத்து மீட்டர் நெருங்கிய பிறகே அது தெளிவாகக் காதில் விழும். 120-இல் வரும் ஜீப் அந்தத் தூரத்தை ஒன்றிரண்டு விநாடியில் கடந்துவிடுகிறது. அந்தக் காரை ஓட்டுபவர் விலகுவதற்குக் கிடைப்பது அவ்வளவுதான். சாலையைக் கடக்கப் பார்க்கும் பால்காரருக்கும், ஆட்டோவில் சிஎம்சிக்குப் போகும் நோயாளிக்கும் இதே கணக்குத்தான்.

வெளிநாடுகளில் கார்களை நிறுத்தச் சாலையில் ஆணிப்பட்டை போடுவார்கள். உள்ளீடற்ற ஆணிகள் டயரில் தங்கிக் காற்றை மெதுவாக இறக்கும். நான்கு சக்கர வண்டி தள்ளாடி நிற்கும். பைக்குக்கு அதைப் போட்டால் ஓட்டுபவரைக் கீழே தள்ளுவதாகும். லண்டன் பெருநகரப் போலீசார் ஸ்கூட்டரில் தப்பும் திருடர்களைக் காரால் இடித்து வீழ்த்துவதை 2018-இல் வெளிப்படையாகவே அறிவித்தார்கள். கைப்பேசிக்காக ஒருவன் மண்டையை உடைக்கும் அந்த முறையை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி அந்த மைக்குக்கு வருவோம். சத்துவாச்சாரியிலிருந்து பள்ளிகொண்டா சுங்கச்சாவடி சுமார் 20 கிலோமீட்டர். 120-இல் பறந்தாலும் பைக்குக்குப் பத்து நிமிடம் ஆகும். ரேடியோ அலைக்கு அந்தத் தூரம் ஒரு விநாடியில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு. எந்தப் பைக்கும் வயர்லெஸ்ஸை முந்தியதில்லை. போதாக்குறைக்கு எண் பலகை இருக்கிறது. அதன் பூச்சு, ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்கு அதைத் திருப்பி அனுப்பும் வகையைச் சேர்ந்தது. அதனால் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு பட்டதும் கும்மிருட்டிலும் எழுத்துகள் பளிச்சென்று தெரியும். டிஎன் 23 என்று தொடங்கும் எண்ணை ஒரு முறை படித்துவிட்டால் போதும், முகவரி வரை கிடைத்துவிடும். சைரனை நிறுத்தியதிலும் பொருள் இருந்தது. துரத்துபவர் இல்லை என்று தெரிந்ததும் ஓடுபவன் கொஞ்சமாவது வேகத்தைக் குறைப்பான்.

தம்பி வந்த பஸ் தாமதமாகிப் பதினொன்றரைக்கு மேல்தான் வந்தது. நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அதே ஜீப் பள்ளிகொண்டா பக்கமிருந்து திரும்பி வந்தது. பின் இருக்கையில் இரண்டு பையன்களும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னாலேயே அந்தப் பைக்கை ஒரு காவலர் ஓட்டி வந்தார், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, சாலையின் இடது ஓரமாக.