சர்க்கரைக்கொல்லிப் பொடியும் சுகர் மாத்திரையும் சேர்ந்தால்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு காலை, அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா வழக்கமாக வாங்கும் சுகர் மாத்திரையான கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் அட்டையை நீட்டினார். கை நடுங்கியது. ஃபேனுக்கு நேர் கீழே நின்றும் புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 52, ரொம்பவே குறைவு. உடனே உட்கார வைத்து குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "என்னப்பா, வெறுந்தண்ணிய குடுக்குற?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆமாம்பா, பத்து நாளா. இப்பதான் வாயில போட்டுட்டு வரேன். பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

சிறுகுறிஞ்சானைச் சர்க்கரைக்கொல்லி என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. ஒரு பச்சை இலையை மென்றுவிட்டு நாக்கில் சீனியை வைத்துப் பாருங்கள், மணலை மெல்வது போலத்தான் இருக்கும். இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்வதால் அரைமணி, சில சமயம் ஒரு மணி நேரம் கூட இனிப்பு தெரியாது, ஆனால் உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும். இதே இலை குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், இன்சுலின் சுரப்பைக் கூட்டும் என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கிளிமிபிரைடும் இன்சுலினைத்தான் சுரக்க வைக்கிறது, அதுவும் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க. மாத்திரையில் 2 மில்லிகிராம் என்றால் 2 மில்லிகிராம்தான். ஆனால் ஒரு ஸ்பூன் பொடியில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பது மண்ணையும் பறித்த பருவத்தையும் காயவைத்த விதத்தையும் பொறுத்து மாறும், அதை அளந்து யாரும் நமக்குத் தருவதில்லை. கிளிபென்கிளமைடு மாத்திரை, இன்சுலின் ஊசி எடுப்பவர்களுக்கும், முக்கியமாக சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் இந்தச் சேர்க்கை ஆபத்துதான். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை மட்டும் எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை வருவது அரிது.

மூலிகையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மெட்ஃபார்மினின் வரலாறே ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியிலிருந்துதான் தொடங்குகிறது. அதிலிருந்த கலெஜின் என்ற பொருள் அப்படியே கொடுக்க முடியாத அளவுக்கு நஞ்சாக இருந்தது, அதே வேதிக் குடும்பத்தில்தான் 1922ல் மெட்ஃபார்மினை உருவாக்கினார்கள். செடியில் இருப்பதும் மருந்துதான். அதனால்தான் டாக்டர் "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்கும்போது பொடி, கஷாயம், சூரணம் எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறேன். சித்த மருத்துவரிடம் போனால் அங்கே உங்கள் ஆங்கில மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. வியர்த்து, படபடத்து, திடீரென்று பசித்தால் சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி ஒரு பரிசோதனை. சரியாகிவிட்டாலும் மாத்திரையின் வேகம் உடம்பில் இருப்பதால் மறுபடி இறங்கலாம், சாப்பிட்டுவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். நினைவோடு இருந்து, அன்று சிறுகுறிஞ்சானும் சாப்பிட்டிருந்தால் குளுக்கோஸ் இனிக்கவே இனிக்காது. இனிக்கவில்லையே என்று துப்பிவிடாதீர்கள், விழுங்குங்கள். அந்த அம்மாவும் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் டம்ளரைக் காலி செய்தார்.