ஏஐ பார்த்துக்கொள்ளும் என்று என்னிடம் சொல்லாதீர்கள்

மூன்று வாரத்துக்கு முன்னால் மறுபடியும் ஒரு மீடியன் கேப், அதாவது சாலை நடுத்திட்டில் திறந்த இடைவெளி. நான்குவழிச் சாலை. இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் ரேஷன் கடை. வண்டி திரும்ப இரண்டு கிலோமீட்டர் போகவேண்டும் என்பதால், நடுத்திட்டில் இரண்டு கல்லைப் பெயர்த்து டூ-வீலர் நுழையும் அளவுக்கு யாரோ வழி செய்துவிட்டார்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் அரிசிப் பையோடு குறுக்கே வந்த பெரியவரை வேன் அடித்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

நான் சாலைப் பாதுகாப்புப் பொறியாளர். விபத்துப் பதிவுகளைக் கணினியில் அலசி, எந்த இடத்தில் எதை மாற்றினால் சாவு குறையும் என்று சொல்வது என் பிழைப்பு. அந்த இடத்துக்கு எங்கள் மென்பொருள் கொடுத்திருந்த நிறம் பச்சை, அதாவது பத்திரமான இடம். மூன்று வருடத்தில் ஒரே ஒரு பதிவு. சரி, நேரில் பார்ப்போம் என்று போய் எதிர்ப்புற டீக்கடையில் விசாரித்தேன். “வாரத்துக்கு ஒருத்தராவது விழுவாங்க சார். நாங்கதான் தூக்கி உட்கார வெச்சு, சோடா குடுத்து அனுப்புவோம்” என்றார் கடைக்காரர். போன தீபாவளி சமயத்தில் ஒருவருக்குத் தொடை எலும்பு முறிந்ததாம். கார்க்காரர் கையில் இருந்ததைக் கொடுக்க, சமாதானம் ஆகிவிட்டது. அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. ஒன்றும் எங்கும் எழுதப்படவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு கல்யாண வீட்டில், “இப்போதான் ஏஐ வந்துடுச்சே தம்பி, அது பார்த்துக்காதா?” என்று கேட்டார் ஒரு சொந்தக்காரர். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

பார்த்துக்கொள்ளாது. வானத்திலிருந்து யாரும் உங்கள் ஊர் முக்கைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நீங்கள் விழுந்தது கணினிக்குத் தானாகத் தெரியாது. உங்கள் போனுக்கும் கூகுள் மேப்புக்கும் நெரிசல் தெரியும்; நெரிசல் ஏன் என்று தெரியாது. யாராவது ஒரு மனிதர் “இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்த வண்டி, இந்தப் பக்கமிருந்து” என்று எழுதினால்தான் அது தரவு. எழுதவில்லை என்றால், கணினியைப் பொறுத்தவரை அங்கே விபத்தே நடக்கவில்லை. அதைவிட மோசம், அது பத்திரமான இடம் என்று கணக்கில் ஏறும். பச்சை நிறம் வந்தது அப்படித்தான். எத்தனை கோடி கொடுத்து எந்த மென்பொருள் வாங்கினாலும் இது மாறாது. தயவுசெய்து இதை ஒருமுறையாவது யோசித்துப் பாருங்கள்.

எழுதுவதற்கு ஏற்பாடு இருக்கிறது. சென்னை ஐஐடி உருவாக்கி, தேசியத் தகவலியல் மையம் நடத்தும் ஐராட் என்ற விபத்துத் தரவுத்தளம், 2021-ல் முதலில் ஆறு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு அதில் ஒன்று. போலீஸ்காரர் ஸ்பாட்டிலேயே செல்போன் செயலியில் இடத்தைக் குறித்து, படம் எடுத்து ஏற்றவேண்டும். அப்புறம் வண்டியைப் பார்க்கப் போக்குவரத்துத் துறை, சாலையைப் பார்க்க நெடுஞ்சாலைத் துறை என்று தகவல் போகும். நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். ஆனால் கூட்டத்தை விலக்கி, அடிபட்டவரை ஏற்றி, வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிலையத்துக்கு வந்து உட்கார்ந்து பதிவு போடுகிறவரும் உண்டு. அப்போது அந்த நிலையமே விபத்து நடந்த இடமாக ஏறிவிடும். வரைபடத்தைத் திறந்தால் காவல் நிலைய வாசலிலேயே வரிசையாகப் பத்துப் பேர் அடிபட்டது மாதிரி புள்ளிகள் நிற்கும்.

அடுத்தது காரணம். எப்ஐஆரில் ஒரு வாக்கியம் உண்டு, எனக்கு மனப்பாடம்: “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து.” சட்டப்பிரிவு கேட்கிற வாசகம் அது. அதனால் குழியில் விழுந்தாலும் சரி, விளக்கில்லாமல் நிறுத்திய டிராக்டர் டிரெய்லரில் மோதினாலும் சரி, அதே வாக்கியம். வண்டியைச் சோதித்த எம்விஐ, அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், எழுதுவார், “விபத்து இயந்திரக் கோளாறால் நேரவில்லை.” சாலையைப் பற்றி ஒரு வரி இருக்காது. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 71 சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தால் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. வேகம் கொல்லாது என்று நான் சொல்லவில்லை. கொல்லும். ஆனால் இதில் எவ்வளவு வேகம், எவ்வளவு வாக்கியப் பழக்கம் என்று பிரிக்க என்னால் முடியாது. எந்த ஏஐயாலும் முடியாது. எல்லாவற்றுக்கும் “அதிவேகம்” என்று படித்து வளர்ந்த இயந்திரம் என்ன சொல்லும்? அதிவேகம் என்றுதான் சொல்லும்.

இன்னொன்று, வருடா வருடம் “விபத்தில் தமிழ்நாடு முதலிடம்” என்று தலைப்பு வரும். 2022-ல் இங்கே 64,105 விபத்துகள், 17,884 சாவு. உத்தரப்பிரதேசத்தில் 41,746 விபத்துகள், 22,595 சாவு. அங்கே இரண்டு விபத்துக்கு ஒருவருக்கு மேல் சாகிறார்கள் என்று அர்த்தமா? சின்ன விபத்துகள் பதிவாகவில்லை என்பதுதான் என் கணிப்பு. நம் முதலிடத்தில் ஒரு பங்கு, நாம் ஓரளவாவது எழுதிவைப்பதால் வருவது. அதற்காகக் கூசவேண்டாம், இன்னும் எழுதவேண்டும்.

சரி, ஏஐ எங்கே உதவுகிறது? நாக்பூரில் 2021-ல் ஐராஸ்தே என்ற திட்டத்தில் மாநகரப் பேருந்துகளின் முன்கண்ணாடியில் கேமரா வைத்தார்கள். முன்னால் போகும் வண்டியை நெருங்கினால், குறுக்கே ஆள் வந்தால், ஓட்டுநருக்கு ஒலி கொடுக்கும். அந்த எச்சரிக்கைகள் எந்த இடத்தில் குவிகின்றன என்று பார்த்தால், மயிரிழையில் தப்பியவர்களின் வரைபடம் கிடைக்கும். அதில் தெரிவதைச் சாம்பல் புள்ளிகள் என்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலையில் கரும்புள்ளி, அதாவது விபத்து அதிகம் நடக்கும் இடம், என்று ஓர் இடம் பெயர் வாங்க, சுமார் 500 மீட்டருக்குள் மூன்று வருடத்தில் சாவோ படுகாயமோ உள்ள ஐந்து விபத்துகளாவது நடந்திருக்கவேண்டும், அல்லது பத்துப் பேராவது செத்திருக்கவேண்டும். சாம்பல் புள்ளியில் அந்தக் காவு கொடுக்கவேண்டியதில்லை. எனக்கு இந்தத் தொழிலில் நிஜமாகவே சந்தோஷம் தந்த விஷயம் அது.

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு லாரி நிறுவனத்தில் ஓட்டுநர் கண்ணயர்ந்தால் கத்தும் கேமராவை வண்டிக்கு வண்டி மாட்டினார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு கேபினில் ஏறிப் பார்த்தேன். லென்ஸ் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. “சும்மா கத்துது சார், தலைவலி” என்றார் ஓட்டுநர். ஓய்வு கொடுக்காமல் இரண்டாவது இரவும் ஓட்டச் சொன்ன முதலாளியைத் திட்டுவதா, அவரைத் திட்டுவதா? கேரளத்தில் 2023 ஜூன் முதல் 726 கேமராக்கள் வைத்து, பெரும்பாலும் ஹெல்மெட், பெல்ட் போடாதவர்களைப் பிடித்து அபராதம் போடுகிறார்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களில் அதற்குப் பதில், கேமரா இருக்கும் இடங்களின் பட்டியல்! கேமராவுக்காகப் போட்ட பெல்ட், கேமரா தாண்டியதும் கழன்றுவிடும். 2022-ல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இதற்கு ஏஐ வேண்டியதில்லை, வார் போட்டு இறுக்கினால் போதும்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. ரத்தம் வந்த எந்த விபத்தையும் ரோட்டிலேயே பேசி முடிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். இடத்தைச் சொல்லும்போது “பைபாஸ் பக்கத்துல” என்று இழுக்காமல், கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் “தானா விழுந்துட்டேன்” என்று பொய் சொல்லவே சொல்லாதீர்கள்; ஏஆர் காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில், அதுதான் ஏறும், பிறகு இழப்பீடும் சிக்கலாகும், அந்த இடமும் தப்பித்துக்கொள்ளும். அடிபட்டவரைச் சேர்த்துவிட்டால் கோர்ட்டுக்கு அலையவேண்டும் என்ற பயத்தை விடுங்கள்: 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவுப்படி, உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லிக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. பணம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு, ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது. நடுத்திட்டை உடைக்கிறவர்களுக்கு என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

ஆனால் அந்த ஊர்க்காரர்களை மட்டும் திட்டி என்ன பயன், ரேஷன் கடை இன்னும் அந்தப் பக்கம்தானே இருக்கிறது. மணல் நிரப்பிய பீப்பாயை வைத்து கேப்பை அடைத்தோம். நான்காவது நாள் ஓரமாக உருட்டிவிட்டிருந்தார்கள். சாலையைக் கடக்க முறையான கடவை கேட்டு எழுதியிருக்கிறேன். டீக்கடைக்காரருக்கு ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன்: தேதி, நேரம், என்ன வண்டி, எந்தப் பக்கமிருந்து. பத்து நாளில் நான்கு வரி எழுதியிருக்கிறார். அதில் மூன்று, மாலை ஆறரைக்கு மேல். அங்கே விளக்குக் கம்பம் இல்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த கடிதத்தில் அதையும் சேர்த்திருக்கிறேன்.